டெங்கு கொழும்பிலிருந்து பஸ் ஏறி வருகிறதா?

ஜூன் 8 – "நுவரெலியாக்காரன்" என்ற பெயரில் ஒருவர் போட்டது

"டெங்கு கொழும்பு வியாதி. குளிர் ஊரில் கொசு நிற்காது, நின்றாலும் கடிக்கத் தெம்பு இருக்காது. மலைநாட்டில் ஒருவருக்கு டெங்கு என்றால் அவர் கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கியவராகத்தான் இருப்பார். அப்புறம் எதற்கு லயம் லயமாக வந்து தண்ணீர்ப் பரலை எட்டிப் பார்க்கிறார்கள்? முதலில் கொழும்பைச் சுத்தம் பண்ணட்டும்."

ஜூன் 9, இரவு

என் மகளுக்கு ஒன்பது வயது. இந்தப் பக்கம் கித்துல்கல, அந்தப் பக்கம் அட்டன், இரண்டையும் தாண்டி அவள் எங்கேயும் போனதில்லை. வெள்ளிக்கிழமைதான் வார்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தோம். ஐந்து நாள் கிடந்தாள், டெங்கு. அவள் எந்த கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கினாள் என்று சொல்லுங்கள், நான் போய் கண்டக்டரைக் கேட்கிறேன்.

நான் கினிகத்தேனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகளில், இருக்கிறேன். ஆட்டோ ஓட்டுகிறேன். வெசாக் முடிந்ததிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை காய்ச்சல் சவாரி போனேன் என்று எண்ணவில்லை, ஆனால் ஏறினவர்களில் பாதிப்பேர் கொழுந்து எடுக்கிற பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான்.

ஜூன் 9, சாப்பிட்டு வந்த பிறகு

கோபத்தில் எழுதிவிட்டேன். நுவரெலியாக்காரர் சொன்னது அவர் இருக்கிற டவுனுக்குப் பெரும்பாலும் சரி. நுவரெலியா டவுன் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே கொசு முட்டை பொரித்து வளர்வதே மெதுவாகத்தான் நடக்கும். அதைவிட முக்கியமானது இன்னொன்று. நோயாளியைக் கடித்த கொசு மறுநாளே அடுத்த ஆளுக்கு டெங்கைக் கொடுத்துவிடாது. வைரஸ் அதன் வயிற்றில் பெருகி எச்சில் வரைக்கும் வந்து சேர எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகும், அதுவும் நல்ல வெக்கையான ஊரில். குளிர் கூடக் கூட அது இழுத்துக்கொண்டே போகும், கொசுவின் ஆயுளோ இரண்டு மூன்று வாரம். வைரஸ் தயாராவதற்குள் கொசு செத்துவிடும்.

ஆனால் நுவரெலியா டவுன் வேறு, நுவரெலியா மாவட்டம் வேறு. நான் இருக்கிற கினிகத்தேனையும் அதே மாவட்டம்தான். எங்களுக்கு வேர்க்கும். கண்டி கிட்டத்தட்ட 500 மீட்டர், கம்பளை, நாவலப்பிட்டி, பதுளை எல்லாம் அதை ஒட்டிய உயரம்தான். எல்லாவற்றையும் சேர்த்து "மலைநாடு" என்று ஒரே ஸ்வெட்டரை மாட்டிவிடக் கூடாது.

ஜூன் 11

பலபேர் உள்பெட்டியில் கேட்டதால் மகளுக்கு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இதில் என் முட்டாள்தனமும் இருக்கிறது, அதை மறைத்தால் எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

மே 30, வெள்ளி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நெருப்பாகக் கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்குது என்றாள். இருமலும் இல்லை தடுமனும் இல்லை, அப்போதே யோசித்திருக்க வேண்டும். மழையில் நனைந்ததுதான் என்று நினைத்தோம். அன்று பரசிட்டமோல் கொடுத்தோம். மறுநாள் கால் கை உளைவு தாங்காமல் அழுதபோது டவுனில் ஒரு இடத்தில் போய் "காய்ச்சலுக்கும் மேல்வலிக்கும் சேர்த்து" என்று கேட்டு வாங்கி வந்தேன். சின்னக் கடுதாசிப் பையில் போட்டுத் தந்தார்கள். அதில் இருந்தது டைக்ளோஃபெனாக் என்று பிற்பாடுதான் தெரிந்தது. கொடுத்தவரைச் சொல்லி என்ன, கேட்டவன் நான். டெங்கு என்று கொஞ்சம் சந்தேகம் இருந்தாலே டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், அஸ்பிரின் எதுவும் கூடாது. இரைப்பையைப் புண்ணாக்கி இரத்தக் கசிவைக் கூட்டும். பரசிட்டமோல் மட்டும்தான், பிள்ளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம். காய்ச்சல் முழுக்க இறங்கவில்லையே என்று கூடுதலாகத் திணிக்கவும் கூடாது, ஈரல் கெட்டுவிடும்.

காய்ச்சல் மூன்று நாளானால் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்களுடைய மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. லேப் பூட்டியிருந்தது. சரி, நாளைக்குப் பார்ப்போம் என்று வந்துவிட்டேன்.

திங்கள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மனைவி மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தாள், நான் சவாரிக்குப் போய்விட்டேன். டெங்கில் ஏமாற்றுகிற நாளே இதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது. காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் இரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்கும், ஒரு நாளோ இரண்டு நாளோ அந்தக் கசிவு நடக்கும். மத்தியானம் வந்து பார்த்தால் பிள்ளை சுருண்டு கிடக்கிறாள், வயிறு வலி என்கிறாள், இரண்டு தரம் வாந்தி, காலையிலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை. கை கால் சில்லென்று இருந்தது. மருந்துக் காம்பரா (தோட்டத்து டிஸ்பென்சரி) ஐயா வந்து கையைத் தொட்டுப் பார்த்தார், நகத்தை அமுக்கிப் பார்த்தார், "தம்பி, ஆட்டோவை எடு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இருபது வருடமாக அந்த மனிதரை நான் "பனடோல் ஐயா" என்று கேலி பண்ணியிருக்கிறேன்.

வார்டில் முதல் ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 62,000. நான் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டு தொங்கினேன். டொக்டர் பார்த்தது பக்கத்தில் இருந்த பி.சி.வி.யை, இரத்தம் எவ்வளவு கெட்டி என்று காட்டுகிற எண்ணை, அது 43க்கு ஏறியிருந்தது. இரத்தத்தில் உள்ள நீர் வெளியே போகப் போக மிச்சம் கெட்டியாகும், அந்த எண் ஏறும். ஆளைக் கொல்வது அந்தக் கசிவுதான். வெளியே வராந்தாவில் நிற்கிற அப்பாமார் எல்லோரும் பிளேட்லெட் எண்ணைத்தான் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி கேட்டுக்கொண்டிருப்போம்.

ஜூன் 11, விட்டுப்போனது

குடிக்கிற கணக்கு. நான் இரண்டு செவ்விளநீரோடு போய் பிள்ளையின் வாயில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். நர்ஸ் மிஸ் பிடுங்கி வைத்துவிட்டார். கசிகிற நேரத்தில் அளவுக்கு மேல் உள்ளே போனால் அந்த நீர் நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும்தான் போய்த் தேங்கும், மூச்சு முட்டும். அதனால் என்ன குடித்தாள், எவ்வளவு ஒன்றுக்குப் போனாள், இரண்டையும் மணிக்கணக்காக எழுதச் சொன்னார்கள். அளக்க என்ன இருந்தது? பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்கள அம்மா ஒரு யோகட் கப்பைக் கழுவித் தந்தார், 80 மில்லிலீட்டர் அளவு. மகளின் கணக்குக் கொப்பியில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுதினேன்: 10 மணி கஞ்சி ஒரு கப், 11 மணி ஜீவனி (உப்புச்சர்க்கரைக் கரைசல்) அரைக் கப், 12 மணி சிறுநீர் 60. அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது.

பீட்ரூட், மைலோ, கோலா எதுவும் கொடுக்க விடவில்லை. வாந்தி எடுத்தால் அது இரத்தமா பீட்ரூட்டா என்று தெரியாது அல்லவா. என் அம்மா "இரத்தம் ஊறும்" என்று போத்தல் நிறைய பீட்ரூட் சாறு கொடுத்துவிட்டிருந்தார், அதை நான்தான் குடித்தேன்.

ஜூன் 12

பப்பாசி இலைச் சாறு பற்றி ஏழு பேர் கேட்டுவிட்டீர்கள். அது டெங்கைக் குணமாக்கும் என்று நிரூபணம் ஆகவில்லை. கசப்பு தாங்காமல் வாந்தி எடுத்தால் உள்ளே இருக்கிற கொஞ்ச நஞ்ச தண்ணீரும் வெளியே வரும். ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரத்தை இலை தேடுவதில் கழிக்காதீர்கள், இதற்கு மேல் இதில் எனக்குச் சண்டை வேண்டாம்.

ஜூன் 14

சரி, பஸ் கதைக்கு வருகிறேன். மூன்று நாளாக மண்டைக்குள் இதே ஓடுகிறது. சவாரி இல்லாத நேரம் ஸ்டாண்டில் உட்கார்ந்து காலண்டரில் எண்ணிப் பார்த்தேன்.

மச்சான் புறக்கோட்டையில் கடையில் நிற்கிறான். வெசாக் லீவுக்கு மே 12 வந்தான். வந்த இரவே காய்ச்சல். 14ஆம் தேதி திரும்பிப் போய்விட்டான். காய்ச்சல் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னாலிருந்து ஐந்து நாள் வரைக்கும் ஆளின் இரத்தத்தில் வைரஸ் இருக்கும், அந்த நேரத்தில் கடிக்கிற கொசுதான் அதை எடுக்கும். ஆக 13ஆம் தேதி ஒரு கொசு அவனைக் கடித்தது என்று வையுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு நாள் கூட்டினால் 21இல் இருந்து 25. அதற்குப் பிறகு அது என் மகளைக் கடிக்கிறது. கடித்து நாலு முதல் பத்து நாளில் காய்ச்சல் வரும். மகளுக்கு வந்தது 30.

பொருந்துகிறது. அச்சுக் குத்தின மாதிரி பொருந்துகிறது.

அப்போ நுவரெலியாக்காரர் ஜெயித்துவிட்டாரா? நானும் அப்படித்தான் அரை மணி நேரம் நினைத்தேன். வைரஸ் பஸ்ஸில் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதை எடுத்து என் மகளுக்குக் கொடுத்த கொசு எந்த பஸ்ஸில் வந்தது? அது வாழ்நாள் முழுக்கப் பறந்தாலும் சில நூறு மீட்டர்தான். எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா, எல்லாவற்றுக்கும் ஒரே முகடு. அந்தக் கொசு எங்கள் லயத்துத் தண்ணீரில்தான் பிறந்திருக்க வேண்டும்.

ஜூன் 15

திருத்தம். மனைவி இதை வாசித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "தம்பிக்கு டெங்கு என்று எந்த டொக்டர் சொன்னார்?" நியாயம். அவன் இரத்தமே சோதிக்கவில்லை, பனடோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். அதோடு அதே மே நடுவில் கீழ் லயத்தில் ஒரு பையனுக்கும் காய்ச்சல் இருந்ததாம், அவன் எங்கும் போகாதவன். ஆக என் காலண்டர் கணக்கு எந்தக் கோர்ட்டிலும் நிற்காது. மச்சானிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. அவன் சிரித்துவிட்டு, "உங்க மகளுக்கு நான் கொண்டுவந்தது சொக்லட் மட்டும்தான் அத்தான்" என்றான்.

இன்னொன்றும் மனைவி சொன்னாள். வந்த இரண்டு நாளும் அவன் பகலில் சட்டையில்லாமல் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) கிடந்தான். இந்தக் கொசு பகல் வேலைக்காரி. விடிந்து கொஞ்ச நேரமும் பொழுது சாய்வதற்கு முன்னாலும்தான் கூடக் கடிக்கும். ராத்திரி அவனுக்கு வலை கட்டிக் கொடுத்தோம், பகலில் திறந்து போட்டோம். வார்டில் டெங்குப் பிள்ளைகளை மட்டப்பகலில் வலைக்குள் படுக்கவைத்தபோது எனக்கு விளங்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற இல்லை அந்த வலை, பிள்ளையிடமிருந்து கொசு வைரஸை எடுத்துக்கொண்டு போய் மற்றவர்களுக்குக் கொடுக்காமல் இருக்கத்தான்.

ஜூன் 18

இன்று பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தார். நான் தயாராக இருந்தேன். பரல் இரண்டுக்கும் மூடி, மூடிக்குக் கீழே பழைய சாரித் துணி கட்டி. மனிபிளான்ட் போத்தலில் தண்ணீர் மாற்றியாயிற்று. சிரட்டை, பேணி, யோகட் கப் ஒன்று கிடையாது. பிரிட்ஜ் பின்னால் இருக்கிற தட்டைக்கூட இழுத்துக் காட்டினேன், அவரே ஆச்சரியப்பட்டார். நல்ல வாத்தியாரிடம் கொப்பி காட்டுகிற பிள்ளை மாதிரி பின்னாலேயே நடந்தேன்.

அவர் முற்றத்தில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். "மேலே என்ன?"

டயர். எங்கள் பக்கம் ஜூன் ஜூலைக் காற்று எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், தகரத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தேயிலையில் போடும். அதனால் கூரையில் கல், மண் மூட்டை, டயர் என்று ஏதாவது பாரம் வைப்போம். ஏணி வைத்து ஏறினார். ஒரு டயரைச் சாய்த்து உள்ளே இருந்த தண்ணீரை வெள்ளைக் கோப்பையில் மொண்டு கீழே கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

முதலில் அழுக்குத் தண்ணீர் என்றுதான் தெரிந்தது. வெளிச்சத்துக்குத் திருப்பினதும் எல்லாம் ஒரே நேரத்தில் கீழே நெளிந்து ஓடின. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்து, தலைகீழாகத் தொங்கி, வால் நுனியைத் தண்ணீரின் மேல் தோலில் ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கின. மகள் எண்ணினாள், முப்பத்தி நாலு. அதில் ஐந்தாறு கமா மாதிரி வளைந்து உருண்டையாக இருந்தன, அவை கூட்டுப்புழு, இன்னும் இரண்டு நாளில் பறக்கும் என்றார்.

அவை யாருடைய டயர்? என்னுடைய ஆட்டோவில் இருந்து கழற்றினவை. என் கூரையில் மட்டும் இல்லை. நாலு வருடமாக, தேய்ந்த டயரைக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்திருக்கிறேன், அந்த லயத்தில் என் டயர் இல்லாத கூரை மூன்றோ நாலோதான். பெரிய தர்மம் பண்ணுகிறேன் என்று நினைப்பு.

ஜூன் 18, இரவு

சிரித்தவர்கள் போதும்.

ஜூன் 21

டயரை எடுத்துவிட்டால் தகரம் பறக்கும். எடுக்காவிட்டால் கொசு பறக்கும். பி.எச்.ஐ. ஐயா சிவப்பு நோட்டீஸ் எழுதவில்லை, பத்து நாள் தந்தார். கொசு பெருக இடம் கொடுத்தால் வழக்குப் போடலாம் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அது கொழும்பு மாடி வீட்டுக்கும் லயத்துக்கும் ஒன்றுதான். ஆனால் லயத்துக் கூரையைப் போட்டுத் தந்தவர்களுக்கு அந்த நோட்டீஸ் போகாது, கீழே இருக்கிறவனுக்குத்தான் வரும். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கூரைக்கு ஆணி ஒழுங்காக அடித்திருந்தால் டயருக்கு என்ன வேலை?

செய்தது: என் டயர் எல்லாவற்றையும் கீழே இறக்கினேன். ஆட்டோ டயர் நைலோன், ரிம்மில் உட்காருகிற விளிம்பைத் தவிரக் கம்பி இல்லை, கத்திக்குச் சவர்க்காரத் தண்ணீர் தடவி வெட்டினால் போகும். அடிப்பக்கத்தில் கைவிரல் நுழைகிற மாதிரி ஆறு துளை. ஒன்றோ இரண்டோ போட்டால் இலை அடைத்து மறுபடி தேங்கும். துளை போட்டு, உள்ளே மண்ணும் அடைத்து ஏற்றினேன். இப்போது டயர் முந்தியைவிடப் பாரம், காற்றுக்கும் அசையாது.

ஜூன் 22

கம்பளையிலிருந்து ஒருவர் கேட்டது நல்ல கேள்வி: "ஒவ்வொரு வாரமும் பரல் தண்ணீரைக் கொட்டுகிறேன், ஆனாலும் எட்டாம் நாள் புழு வருகிறது, எப்படி?"

ஏனென்றால் முட்டை தண்ணீரில் இல்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஈரமான சுவரில் ஒட்டியிருக்கிறது. கொட்டும்போது தண்ணீர்தான் போகிறது. மறுபடி நிரப்பினால் தண்ணீர் ஏறி முட்டையைத் தொடும், பொரிக்கும். பொரித்ததிலிருந்து பறக்கிறவரைக்கும் ஏழு முதல் பத்து நாள். காய்ந்து போனால் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள், காய்ந்த முட்டை மாதக்கணக்கில் காத்திருக்கும். ஜனவரி பெப்ரவரி வெயிலில் கவிழ்த்து வைத்த பரலை ஏப்ரல் மழையில் நிமிர்த்தினால் போன வருடத்துக் கொசு இந்த வருடம் பிறக்கும். அதனால் தேய்க்க வேண்டும். தேங்காய்த் தும்போ பிரஷ்ஷோ எடுத்து உள்சுவரை, முக்கியமாக அந்த மேல் விளிம்பை, உரசித் தேய்த்துக் கழுவி ஊற்ற வேண்டும். வாரம் ஒரு தரம்.

நம்பாத மனைவிக்காக மகள் ஒரு வித்தை செய்தாள். போத்தலை அரைவாசியாக வெட்டி, உள்ளே கறுப்புத் துணித் துண்டு ஒன்றை வைத்து, பாதி தண்ணீர் ஊற்றி வீட்டுக்குப் பின்னால் கொய்யாமர நிழலில் வைத்தாள். ஆறாம் நாள் துணியை எடுத்துப் பார்த்தால் தண்ணீர்க் கோட்டை ஒட்டி மிளகுத்தூள் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி. விரலால் தடவினால் உதிரவில்லை. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. மனைவி அன்று சாயங்காலமே பரலைத் தேய்த்தாள், என்னையும் தேய்க்க வைத்தாள்.

வித்தை செய்கிறவர்கள் ஏழாம் நாளுக்குள் துணியை எரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்களே பண்ணை வைத்தவர்கள் ஆவீர்கள்.

பரலே வைக்காதே என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். பீலியில் தண்ணீர் எப்போது வரும் எப்போது நிற்கும் என்று எங்களுக்கே தெரியாது. கொழுந்துக்குப் போகிற பெண் நாலு மணிக்கு வந்து வெறுங்குடத்தோடு நிற்க முடியாது.

ஜூன் 25

இரண்டு மூன்று பேருக்கு ஒரே பதில்.

புகை அடிப்பது: எங்கள் ஆட்களுக்குப் புகை என்றால் உயிர். புகை மெஷின் சத்தம் கேட்டால்தான் அரசாங்கம் வேலை செய்கிறது என்று நம்புவார்கள். அது அந்த நேரம் பறக்கிற கொசுவைக் கொல்லும். டயருக்குள் இருக்கிற முப்பத்தி நாலுக்கும் அது ஒன்றும் செய்யாது, அடுத்த வாரம் புதுசாக எழும்பி வரும்.

நுளம்புத்திரி: ஆறரை மணிக்குக் கதவைச் சாத்திக் கொளுத்துகிறோம். அதற்குள் டெங்குக் கொசு தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும். காலை ஏழு மணிக்குக் கட்டைச் சப்பாத்தும் குட்டைக் காலுறையுமாகப் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளின் காலைப் பாருங்கள். பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) மத்தியானம் தூங்கப் போடுகிற குழந்தைகளுக்கு அந்த நேரத்தில் வலை வேண்டும். எங்கள் தோட்டத்தில் இப்போது போடுகிறார்கள், அது வரைக்கும் நல்லது.

என் பாட்டி உயிரோடு இருந்தபோது சொல்வார், மலேரியாக் காலத்தில் சுவரெல்லாம் மருந்து அடித்துவிட்டுப் போவார்கள், கரப்பான்கூட வராது என்று. அந்த நினைப்பில்தான் பெரியவர்கள் இன்றைக்கும் "மருந்து அடித்தால் போச்சு" என்கிறார்கள். மலேரியாவை இந்த நாடு ஒழித்ததும் உண்மை, 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ஆனால் அது வேறு கொசு, ராத்திரியில் கடிப்பது, ஆற்று ஓரத்துக் குழியிலும் தேங்கின தண்ணீரிலும் பிறப்பது. ராத்திரி சுவரில் உட்கார்ந்து ஓய்வெடுக்கும், சுவரில் அடித்த மருந்து அதைக் கொன்றது. எங்கள் ஆள் சுவரில் உட்கார்ந்திருப்பதைவிடத் தேயிலைக்குள்ளும் செடிக்குள்ளும்தான் அதிகம் இருப்பான்.

(நாங்கள் வீட்டில் கொசு என்போம், நோட்டீஸில் நுளம்பு என்று இருக்கும். இரண்டையும் கலந்து எழுதுகிறேன் என்று திட்டினவருக்கு: கடித்தால் இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் அரிக்கும்.)

ஜூன் 26

"எங்கள் ஆள்" என்றால் என்ன என்று பதுளையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். டெங்கு பரப்புகிற கொசுவில் இரண்டு வகை. ஒன்று வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும், டவுன் ஆள், முதுகில் யாழ் மாதிரி வெள்ளை வரி. மற்றது வெளியே செடி கொடியில் இருக்கும், முதுகு நடுவில் சுண்ணாம்பால் வகிடு எடுத்த மாதிரி ஒற்றை வெள்ளைக் கோடு. இது மற்றதைவிடக் குளிரைத் தாங்கும். மரப்பொந்து, வெட்டின மூங்கில் கணு, அன்னாசி இலைக் கக்கம், எங்கே ஒரு கரண்டி மழைத்தண்ணீர் நின்றாலும் அதற்குப் போதும். மகள் கையில் நான் அடித்தது கோட்டுக்காரன்தான். திருத்தம், கோட்டுக்காரி, ஆண் கடிக்காது.

தங்கச்சிக்கு இன்னொன்று. ஜூன், ஜூலை எங்கள் பக்கத்து மழை. உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். இப்போது காய்ந்து கிடக்கிறது என்று விடாதீர்கள், முட்டை பற்றி மேலே சொன்னதைத் திரும்ப வாசியுங்கள்.

ஜூலை 3

மச்சானுக்கு 2017இல் டெங்கு வந்தது, அப்போது சோதித்து உறுதியானது. அந்த வருடம் நாடு முழுக்க 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல், சாவு நானூறைத் தாண்டியது, கண்டி மாவட்டத்திலும் ஆயிரக்கணக்கில். அதனால் தனக்கு இனி வராது என்று நினைத்து இந்தத் தரம் சோதிக்காமல் இருந்திருக்கிறான். நேற்று போனில் பேசும்போதுதான் இது வெளிவந்தது.

டெங்கு வைரஸ் நாலு வகை. ஒன்று வந்தால் அந்த ஒன்றுக்குத்தான் ஆயுளுக்கும் பாதுகாப்பு. மற்ற மூன்றும் வரலாம், அதிலும் இரண்டாம் தரம் வேறு வகை வந்தால் கடுமையாகப் போகிற வாய்ப்பு கூட. முதல் தரம் எழுந்து நடந்தவன் இரண்டாம் தரம் ஐ.சி.யு.வுக்குப் போகலாம். முந்தி ஒரு தரம் வந்தவர்கள்தான் முதல் ஆளாகப் போய் இரத்தம் சோதிக்க வேண்டும். என் மகள் கணக்கில் இன்னும் மூன்று பாக்கி இருக்கிறது, இதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

ஜூலை 4

பழைய குறிப்பில் ஒரு பிழை. "காய்ச்சல் மூன்று நாளானால் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்" என்று எழுதியிருந்தேன். எல்லோருக்கும் தெரியாது, இந்த வாரம் ஏற்றிக்கொண்டு போன ஒரு அக்காவுக்கு ஏழாம் நாள். ஆகவே தெளிவாக: எஃப்.பி.சி. (முழு இரத்த எண்ணிக்கைச் சோதனை) மூன்றாம் நாளுக்குள். அதற்கு முன்னாலேயே கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, முரசில் (பல் ஈறில்) இரத்தம், கறுப்பாக மலம், ஒன்றுக்குக் குறைவாகப் போவது, தலைசுற்றிச் சோர்ந்து கிடப்பது, கை கால் சில்லிடுவது, இதில் ஒன்று வந்தாலும் நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கர்ப்பிணி என்றால் முதல் நாளே. ஆட்டோவுக்குக் காசில்லை என்று தயங்காதீர்கள், எங்கள் ஸ்டாண்டில் கேட்டுப் பாருங்கள்.

ஜூலை 12

நுவரெலியாக்காரர் மறுபடி வந்திருக்கிறார், இந்தத் தரம் மெதுவாக. அவருடைய அக்கா வீடு நாவலப்பிட்டியில், கூரைப் பீலியில் இலை அடைத்துத் தண்ணீர் நிற்கிறது, மண்ணெண்ணெய் ஊற்றலாமா என்று கேட்கிறார். அண்ணே, இலையை அள்ளுங்கள். பீலி சரிவு சரியில்லை என்றால் கழற்றியே விடுங்கள்.

ஜூலை 20

நேற்று ராத்திரி காற்று. பத்து மணிக்கு மேல் லயத்திலிருந்து ஒரு பையன் நனைந்துகொண்டு வந்து "அண்ணே, ஒரு டயர்" என்றான். துளை போட்டு வைத்திருந்ததைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "ஓட்டை டயராண்ணே?" என்றான், நான் என்னமோ அவனை ஏமாற்றின மாதிரி. மழையில் நின்று அவனுக்கு முட்டைக் கதை முழுக்கச் சொன்னேன், பாவம், டயரைத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

மகளுக்குப் பசி வந்துவிட்டது, சண்டையும் வந்துவிட்டது. வார்டில் நான் எழுதின கணக்குக் கொப்பியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் சுற்றுகிறாள், ஒரு டோர்ச்சும் அந்த யோகட் கப்பும். கஞ்சி ஒரு கப், சிறுநீர் 60 என்று நான் எழுதின பக்கத்துக்கு அடுத்த பக்கம் அவளுடைய கையெழுத்து. இன்றைய வரி:

"மூன்றாம் காம்பரா பரல் – 0. ஏழாம் காம்பரா நாய்ச் சட்டி – 4. பாட்டி வீட்டுப் பூச்சட்டித் தட்டு – 11. பாட்டி அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று சொன்னார்."